கோணல் லேபிள்

"சீ, இதைப் பாருங்க. லேபிளே இப்படிக் கோணிக்கிட்டு இருந்தா உள்ளே இருக்கிறது என்ன லட்சணத்துல இருக்கும்?"

சாசேஜ் பாக்கெட்டை ஒரு மூலையில் இரண்டே விரலால் பிடித்துத் தூக்கிக் காட்டினார் மேனேஜரம்மா. பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றுக்குச் சரக்கு எடுப்பவர் அவர். அவர் தலையாட்டினால் இந்த இறைச்சிக் கம்பெனி பிழைக்கும், இல்லையென்றால் இழுத்து மூட வேண்டியதுதான்.

முதலாளி அசடு வழிந்தார். "அது என் மச்சானோட கைவேலைம்மா. வீட்டுக்காரியோட தம்பி, விரட்டவும் முடியல. அதுக்குத்தான் இந்த மிஷினையே வாங்கிப் போட்டிருக்கேன்."

அந்த மச்சான் சற்றுத் தள்ளி நின்று கையுறையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. உறை முழுக்கக் கொழகொழவென்று என்னவோ அப்பியிருந்தது. பக்கத்தில் போனால் வினிகர் நெடி மூக்கைத் துளைக்கும்.

கடைகளில் விற்காமல் திரும்பி வரும் பாக்கெட்டுகளைப் பின்னறையில் ஒழித்துக்கட்டுவது அவன் பொறுப்பு. அதோடு லேபிளும் ஒட்டுவான். சிலது ஒழுங்காக இருக்கும், சிலது குடிகாரன் ஒட்டியது போல இருக்கும். கம்பெனியில் அவனுக்குப் பெயரே கோணக்கை.

தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடந்தாலும் ஊரைக் கூட்டுகிற முதலாளி, மச்சானின் கோணலைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை. பெண்டாட்டிக்குப் பயம், வேறென்ன. ஆனால் தன் வீட்டுக்குப் பாக்கெட் எடுக்கும்போது பெட்டியைக் கிளறு கிளறு என்று கிளறி, லேபிள் நேராக இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பார். அவ்வளவு சுத்தக்காரர் என்று வேலைக்காரர்கள் கிண்டலடிப்பார்கள்.

மிஷினைப் பொருத்த வந்திருந்த மெக்கானிக் பட்டனை அழுத்தினார். "இதுல ஆள் கையே வேண்டாம்மா. பாக்கெட் இந்தத் தராசுல ஏறினதும் எடை பார்க்கும். இன்னைக்குத் தேதியில இருந்து கணக்குப் போட்டு, எதுவரைக்கும் சாப்பிடலாம்னு அதுவே அச்சடிச்சு, அதுவே ஒட்டிடும். ஒரு நூல் பிசகாது."

பெல்ட் ஓடியது. பாக்கெட் தராசில் ஏறி, ஒரு கணம் நின்று, லேபிளை வாங்கிக்கொண்டு மறுபக்கம் இறங்கியது. லேபிள் ஸ்கேல் வைத்து ஒட்டியது போல இருந்தது.

மேனேஜரம்மா முகம் தெளிந்தது. "இப்படித்தான் இருக்கணும். ஆனா பாதி மிஷின், பாதி அந்த ஆளோட கைன்னு இருந்தா எனக்குச் சரிப்பட்டு வராது. அந்தக் கையுறையைப் பார்த்தாலே குமட்டுது."

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "மச்சான், இனிமே ஒரு பாக்கெட்டையும் நீ ஒட்டக்கூடாது. லேபிள் ஒட்டாம உள்ளே இருக்கிற அத்தனையையும் கொண்டாந்து பெல்ட்டுல போடு."

"அத்தனையுமா மாமா?"

"அத்தனையும்தான். சொன்னதைச் செய்."

கோணக்கை தலையைச் சொறிந்தான். பிறகு குளிரறைக்கும் பின்னறைக்குமாக நடந்து, பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து பெல்ட்டில் கவிழ்த்தான். அவன் கடந்துபோன ஒவ்வொரு தடவையும் மேனேஜரம்மா புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். தராசு யாரிடமும் முகம் சுளிக்காமல் எல்லாவற்றுக்கும் புதுத் தேதி போட்டுத் தள்ளியது.

முதலாளி குவியலிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். பழக்கதோஷம், லேபிளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். நேராக இருந்தது. பிரித்து, துண்டு போட்டு நீட்டினார்.

"புகை போட்டு வேகவச்சது, அப்படியே சாப்பிடலாம். என் பையன் தினமும் இதைத்தான் சாப்பிடறான். மத்தவங்களுக்கு ஒண்ணு, நம்ம வீட்டுக்கு ஒண்ணுன்னு பார்க்கிற ஆள் இல்லம்மா நான்."

மேனேஜரம்மா மென்றார். மெல்லுவது மெதுவாகிக்கொண்டே வந்தது. "கொஞ்சம் புளிக்குதே?"

முதலாளி தானும் ஒரு துண்டை வாயில் போட்டார். நாக்கில் வழவழவென்று ஏதோ வழுக்கியது. அடித்தொண்டையில் ஒரு வாடை ஏறியது. துப்ப முடியுமா? இவ்வளவு பெரிய ஆர்டர் எதிரே உட்கார்ந்து தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறது. கண்ணில் தண்ணீர் முட்ட, ஒரே மூச்சில் விழுங்கினார்.

"புது மசாலாம்மா. போகப் போகப் பழகிடும்." நிரூபிப்பதற்காக இன்னொரு துண்டையும் போட்டுக்கொண்டார்.

அவரே சாப்பிடுகிறாரே என்று மேனேஜரம்மாவும் மிச்சத்தை விழுங்கி வைத்தார். "சரி, அடுத்த வாரத்துல இருந்து அனுப்புங்க. எங்க எல்லாக் கிளைக்கும் உங்க சரக்குதான்."

முதலாளிக்கு வாயெல்லாம் பல். அந்த நேரம் பார்த்து டிரைவர் வாசலில் தலையை நீட்டினார். "ஐயா, உங்க பையனோட மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாக்கெட் வாங்கிட்டு வரச் சொன்னாங்க வீட்டுல அம்மா."

"மச்சான், வீட்டுக்கு ஒண்ணு எடுத்துக் கொடு."

கோணக்கை குவியலில் குனிந்தான். ஒன்றை எடுத்தான், திருப்பிப் பார்த்தான், வைத்தான். இன்னொன்றை எடுத்தான், அதையும் வைத்தான். டிரைவர் கையை நீட்டியபடி நின்றார். மேனேஜரம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தவர், இவனுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்.

கோணக்கை நிமிர்ந்தான். மெதுவாகப் பேசுவது அவனுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

"எதைன்னு எடுக்கறது மாமா? திரும்பி வந்ததுக்குக் கோணலா ஒட்டச் சொல்வீங்க, இந்த மிஷின் எல்லாத்தையும் நேரா ஒட்டிருச்சே."