கருவிழியோரத்து முடிகள்

“கேன்சரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல டிரைவரண்ணே. பொறக்கும்போதே தோல் இடம் மாறிக் கண்ணுல ஒட்டியிருக்கு. அதான் முடி முளைக்குது” என்று சிரித்தபடி, டிரைவருடைய கருவிழியோரக் கட்டியை டாக்டரம்மா வெட்டியெடுத்தார். மருந்து நிரம்பிய குப்பிக்குள் அதன் பூனைமுடிகள் படிந்து கிடந்தன.

கோபித்துக்கொண்டு போய் வருஷக்கணக்கில் பேசாத மகளைப் பற்றியே ஆபரேஷன் முழுக்கப் புலம்பிய டிரைவர், இப்போது கண்ணில் கட்டோடு பக்கத்து அறையில் படுத்திருந்தார். டாக்டரம்மா குப்பியில் லேபிள் ஒட்டும்போது அந்த அறையில் ஒரு குரல் கேட்டது.

“அப்பா... நான்தாம்ப்பா, உங்க பொண்ணு.”

டாக்டரம்மா திறந்த கதவு வழியே பார்த்தார். டிரைவர் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். போர்வைக்கு வெளியே கிடந்த கையில் மயிர் சிலிர்த்து நின்றது.

டாக்டரம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு லேபிளை அழுத்தக் குனிந்தார். குப்பிக்குள், அவர் தன் கையால் வெட்டியெடுத்த தோலில், முடிகள் அத்தனையும் எழுந்து நின்றுகொண்டிருந்தன.