பொஸ்டன்தான் நகரம்

அமெரிக்க நகரங்களைத் தரம்பிரிக்கத் தகுதியுள்ள ஒரே தமிழர் குலவீரசிங்கம். அப்படிச் சொன்னவரும் அவரே. கோடை விடுமுறைக்கு எங்கே போகலாமென்று கேட்க, கிருபன் அஜின்கோர்ட்டில் அவர் வீட்டுக்கு வந்திருந்தான்.

"நியூயோர்க் குப்பையடா. மச்சான் வீட்டிலை நிலத்திலை படுத்து இடுப்பு, நாரியெல்லாம் நோ. சிக்காகோவிலை பெறாமகள் வீடு, குளிக்கவும் வரிசை. பொஸ்டன்தான் நகரம்!"

"அங்கை ஆரின்ரை வீட்டிலை நிண்டனீங்கள் அண்ணை?"

"வீடோ? ஹோட்டல்! கடல் பாத்த அறை. மற்றாக்களின்ரை வீட்டிலை ஒண்டுறது எனக்குச் சரிவராது."

"அக்காவுக்கும் பிடிச்சதோ?"

அவர் மனைவி தவமணி தேத்தண்ணீரை வைத்தார். "ஓம். பேரனை ஹோட்டல் வாசலுக்குக் கொண்டுவந்து ஒருக்காத் தூக்கத் தந்தவை."

பொஸ்டனில் அவர்களுடைய ஒரே மகனின் வீட்டில் ஐந்து படுக்கையறைகள் இருக்கின்றன.