கேள்விக்குறி போட்ட படம்

“அந்தப் படத்தைப் போட்டது நீங்கதானே?”

வாசலில் முன்பின் தெரியாத பெண். செல்போன் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தார்.

அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன ஒருவனைப் படமெடுத்து, கீழே ‘பிள்ளை பிடிக்கிறவனா?’ என்று எழுதிப் போட்டிருந்தார். ஊரே பகிர்ந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு கும்பல் அவனை அடித்தே கொன்றுவிட்டது.

“கேள்விக்குறி போட்டிருந்தேனேம்மா! அடிக்கவா சொன்னேன்? விஷயம் தெரிஞ்சதுமே பதிவு, போன்ல இருந்த படம், எல்லாத்தையும் அடியோட அழிச்சுட்டேன்.”

“அழிச்சுட்டீங்களா?”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவர் போனையும் உடைச்சுட்டாங்கண்ணே. என் புருஷனும் பொண்ணும் சேர்ந்திருக்கிற படம் அது ஒண்ணுதான். ஊரெல்லாம் சுத்துற படத்துல அவர் மூஞ்சி மேலேயே ‘பிள்ளை பிடிக்கிறவன்’னு எழுதி வச்சிருக்காங்க.”