அக்கா சர்வரின் கைரேகை

சுகந்தி காதலித்தவனையே கட்டிக்கொண்ட நாளிலிருந்து அக்கா மரகதம் அவளோடு பேசுவதில்லை. இருவரும் ஒரே நிறுவனத்தில், வேறு வேறு ஊர்க் கிளைகளில் கணினி சர்வர்களைப் பராமரித்தார்கள். இன்று தங்கை தன் சர்வரிலிருந்து அக்காவின் புது சர்வருக்குக் கோப்புகளை அனுப்பக் கட்டளை தட்டினாள். முதன்முறை இணைவதால், திரை அந்தப் புது சர்வரின் கைரேகையை நீளமான எழுத்து வரிசையாகக் காட்டி, நம்பலாமா என்று கேட்டது. எல்லோரும் சரிபார்க்காமலே ‘யெஸ்’ தட்டிவிடுவார்கள். சுகந்தி அக்காவுக்குப் போன் செய்தாள்.

“கைரேகை சரிபார்க்கணும்க்கா.”

“ம். வாசி.”

அவள் ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள். அக்கா தன் சர்வரில் இருந்ததோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ கொட்டினாள். கடைசி எழுத்துக்கும் ‘ம்’ வந்தது.

“யெஸ் போடவாக்கா?”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“சளியாக்கா?”

“வாயை மூடிட்டு முதல்ல இருந்து திரும்ப வாசிடி.”