முப்பத்து மூன்றாம் டோக்கன்

"மேடம், வெளியில ஒரு ஆளு டோக்கன் விக்கிறான்."

வாட்ச்மேன் வந்து காதில் போட்டதும், ஈ.சி.ஜி. எடுப்பவளுக்குச் சுர்ரென்று ஏறியது. காலையிலிருந்து உட்கார நேரமில்லை. இருப்பது ஒரே மெஷின், இன்றைக்கு நாற்பது டோக்கன். இதில் வியாபாரம் வேறயா?

"விக்கிறதை நீ பாத்தியா?"

"முதல்ல ஒன்பதாம் நம்பர் வச்சிருந்தான். அப்புறம் இருபது. இப்போ முப்பத்து மூணு. ஒண்ணைக் கைமாத்திட்டு மறுபடியும் போய் எடுக்கிறான். வேற என்னவாம்?"

விடுவிடுவென்று வெளியே வந்தாள்.

ஓரத்துப் பெஞ்சில் அந்த ஆள். சைக்கிள் ரிப்பேர்க்காரர் போல, விரலெல்லாம் கிரீஸ். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"உங்களுக்கு என்ன பண்ணுது?"

"நெஞ்செரிச்சல்தாம்மா. ரெண்டு நாளா மாத்திரையை மென்னுக்கிட்டே இருக்கேன், கேக்க மாட்டேங்குது. தாடை கூட லேசா இழுக்குது."

"தாடைக்குப் பல் டாக்டர் மாடியில இருக்கார்."

பெஞ்சே சிரித்தது. பாவம், அவரும் சேர்ந்து சிரித்தார்.

"டோக்கனைக் குடுங்க."

அடுத்து உள்ளே போக வேண்டிய நம்பர் அது. அவள் அதை வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எல்லாரும் முடிச்சப்புறம் கடைசியா வாங்க."

சண்டைக்கு வருவார் என்று நினைத்தாள். "சரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

அடுத்து ஒரு இளைஞன், ஊரைக் கூட்டும் அலறலோடு வந்தான். வெறும் வாயு. அவனுக்குப் பிறகு ஆறு பேர்.

கடைசியாக ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டாள். பதில் இல்லை.

"தூங்கிட்டான் போல" என்று தோளைத் தொட்ட வாட்ச்மேன், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

ஓடிவந்த டாக்டர் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மாரடைப்பு. ஒரு மணி நேரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம். இவர் எப்போ வந்தார்?"

அவள் கை தானாகக் கோட்டுப் பையைத் தொட்டது.

"காலையிலயே வந்துட்டார் சார்" என்றான் வாட்ச்மேன். "டோக்கனை வித்துக் காசு பாக்கப் போய், இப்படி உயிரை விட்டுட்டாரே."

"காசா?" ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த ஒரு பெண் எழுந்தாள். ஒன்பதாம் டோக்கனில் உள்ளே போனவள். "ஒரு பைசா வாங்கலைப்பா அந்த மனுஷன். நான் வலியில துடிக்கிறதைப் பாத்துட்டு, அவராத்தான் கையில திணிச்சார். 'எனக்கு வெறும் எரிச்சல்தாம்மா. எரிச்சல்காரங்க பொறுங்க, நிஜமான வலிக்காரங்க முதல்ல போகட்டும்னு ஈ.சி.ஜி. மேடம் காலையிலயே சொல்லிட்டாங்க. அவங்களுக்குத் தெரியாததா'ன்னார்."