கைராசி

"மூணு நாள்ல மூணு நர்ஸை அழ வெச்சுட்டார் உங்க அப்பா. இன்னிக்கு மாத்திரைக் கிண்ணத்தை இவ மூஞ்சியிலயே விட்டெறிஞ்சுட்டார்!"

தலைமை நர்ஸ் சொல்லச் சொல்ல, மகளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அவளும் நர்ஸ்தான். வேறொரு ஆஸ்பத்திரியில் டியூட்டி முடித்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தாள். காலையில் ஒரு நோயாளி கடித்து வைத்த இடத்தில், மணிக்கட்டில் பிளாஸ்திரி.

பக்கத்தில் நின்ற சின்ன நர்ஸுக்குக் கண் இன்னும் சிவந்திருந்தது.

"மன்னிச்சிடும்மா..."

"ஐயோ, நீங்க எதுக்குக்கா? நம்ம வேலை உங்களுக்குத் தெரியாததா? இந்த ஊசியை மட்டும் போட விட்டாப் போதும். ஆபரேஷன் பண்ணின கால். போடலைன்னா ரத்தம் கட்டிக்கும்."

இருவரும் அறைக்குள் போனார்கள்.

"வந்துட்டியா?" அப்பா படுக்கையிலிருந்தே கத்தினார். "இதுங்க ஊசியா போடுதுங்க? கடப்பாரையால குத்துதுங்க!"

"கண்ணை மூடுங்கப்பா."

மறுபேச்சில்லாமல் மூடிக்கொண்டார். மகளுக்கே நம்ப முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சின்ன நர்ஸிடம் ஜாடை காட்டினாள்.

அந்தப் பெண் ஊசியின் மூடியைக் கழற்றினாள். ஒரு மூச்சு இழுத்து விட்டாள். போட்டாள்.

"பார்த்தியா?" கண்ணைத் திறக்காமலே அப்பா மிதப்பாகச் சொன்னார். "என் பொண்ணு போட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. கைராசின்னா இது. கத்துக்கோ!"

"ஊசி யார் கையில இருக்குன்னு பாருங்கப்பா."

பார்த்தார். அசடு வழிந்தது.

"ம்... பரவாயில்லை, நல்லாத்தான் போடறே" என்று சின்ன நர்ஸைப் பார்த்து முனகிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் சின்ன நர்ஸுக்கு வாயெல்லாம் பல்.

"ஆனாலும் கொடுத்து வெச்சவங்கக்கா நீங்க. விடிஞ்சு எழுந்தா, 'என் பொண்ணு மாதிரி வருமா, அவளை மாதிரி ஒரு நர்ஸ் உண்டா'ன்னு ஒரே பெருமைதான். வீட்டுல எல்லாம் நீங்கதான் பார்த்துக்குவீங்களோ?"

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முதுகு மட்டும் தானாக நிமிர்ந்தது.

'பீ மூத்திரம் அள்ளுற கை என் மேல படக்கூடாது' என்று, இருபது வருஷமாக அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர், அப்பா.