பதினாறாம் பக்கத்துப் பூனை

மனிதகுலத்தின் சிந்தனை வரலாறு இன்று மாலையிலிருந்து வேறு பாதையில் நடக்கும் என்று விழாத் தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

அறிவித்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

விஷயம் இவ்வளவுதான். சிறுவர்களுக்குத் தத்துவத்தை அறிமுகம் செய்யும் நாவல் ஒன்றுக்குப் பரிசு கிடைத்திருந்தது. ஒரு பூனை வீடு வீடாகப் போய்க் குழந்தைகளிடம் "நீ யார்?" என்று கேட்கும் கதை.

கடைசி அத்தியாயத்தில் பூனை விடைபெறும் இடத்தில் தாம் தேம்பித் தேம்பி அழுததாக விமர்சகர் பேசினார். பேசும்போதும் கொஞ்சம் அழுது காட்டினார்.

எழுத்தாளர் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாராட்டுக்குப் பஞ்சமில்லை. ஒரே ஒரு ஏக்கம்தான். புத்தகம் வந்து ஒரு வருஷமாகியும், அதைப் படித்த குழந்தை ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை.

தங்கை மகனிடம் கொடுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அவன் வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை.

அவர் ஏற்புரைக்கு எழுந்தபோது ஒரு சிறுமி விறுவிறுவென்று மேடையேறி வந்தாள்.

கையில் அவருடைய புத்தகம். முனைகள் மழுங்கி, முதுகு விண்டு, துவைத்துப் போட்ட மாதிரி இருந்தது. இவ்வளவு கந்தலான தன் புத்தகத்தை அவர் இதுவரை பார்த்ததே இல்லை. மைக்கை அவள் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்தார்.

"அங்கிள், உங்க பூனை மறுபடி மறுபடி அதே கூரை மேலயே ஏறி உக்காருதே, ஏன்?"

எழுத்தாளருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. காலம் வட்டமா, நேர்கோடா என்று பெரிய பெரிய தலைகள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. இந்த ஒரு கேள்விக்காகத்தான் தாம் பேனாவையே எடுத்ததாக மைக்கில் சொன்னார். தலைவர் கைதட்டினார். இதைத்தான் தாம் வட்டக் கட்டமைப்பு என்று எழுதியிருந்ததாக விமர்சகர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டார்.

அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டலாம் என்று எழுத்தாளர், தலைவருக்கு முன்னால் கிடந்த பிரதியைத் திறந்தார். புத்தம் புதுசு. மொடமொடவென்று சத்தம் போட்டது.

பதினாறாம் பக்கம். பூனை கூரையில் ஏறுகிறது, கூடவே ஒரு கோட்டுப் படம். அடுத்த பக்கம், ஒன்று. கொஞ்சம் தள்ளி மறுபடியும் பதினாறு. மறுபடியும் கூரை.

விமர்சகரின் பிரதியைப் பிடுங்கிப் பார்த்தார். அதிலும் அதே கதைதான். பைண்டிங் செய்தவர்கள் முதல் பதினாறு பக்கங்களையே கடைசிவரை அடுக்கித் தைத்து வைத்திருந்தார்கள். பின்னட்டையில் சொல்லியிருந்த, பூனை விடைபெறும் அத்தியாயம் எந்தப் பிரதியிலும் இல்லை.

விமர்சகருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. தலைவர் கூரையைப் பார்த்தார்.

எழுத்தாளர் மட்டும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. புத்தகம் வந்த நாளிலிருந்து அவரும் அட்டையைத் தடவியதோடு சரி.

ஆனால் அவருக்கு வருத்தமே வரவில்லை. சந்தோஷம்தான் தலைக்கேறியது. ஊரே ஏமாற்றியபோது ஒரு ஜீவன், அதே பதினாறு பக்கத்தைத் திரும்பத் திரும்ப, சலிக்காமல், கடைசி வரைக்கும் படித்துக்கொண்டே போயிருக்கிறது. கேடயத்தை அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட அவளுடைய புத்தகத்தைத் திறந்தார்.

அதற்குள் சிறுமியின் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மன்னிச்சுக்கங்க சார், கலர் பென்சிலெல்லாம் தீந்துபோச்சு, அந்தக் கோவத்துல கேட்டுட்டா."

முதல் கூரையில் பச்சைப் பூனை. அடுத்ததில் சிவப்பு. அப்புறம் நீலம். எதிலும் கோட்டைத் தாண்டி வண்ணம் வழியவில்லை.

குழந்தைக்கு இன்னும் படிக்கத் தெரியாது.